டான்யூப் கப்பலில் கடைசி நான்கு நாள்: வியன்னாவிலிருந்து பாஸாவ் வரை

ஐந்தாம் நாள், வியன்னா

அம்மாவும் நானும் டான்யூப் ஆற்றில் புடாபெஸ்டிலிருந்து பாஸாவ் வரை போகும் எட்டு நாள் பயணம் இது. முதல் நான்கு நாளும் புடாபெஸ்ட், பிராட்டிஸ்லாவா என்று ஊர்களைப் பற்றியே எழுதிவிட்டேன். இனிமேல் கப்பலைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். இன்னும் மூன்று ராத்திரிதான் பாக்கி. இன்று காலை வரவேற்பு மேசையில் இறங்கும் நாளுக்கான முதல் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள்: எந்த நிற அட்டை, எத்தனை மணிக்குப் பெட்டி வெளியே வர வேண்டும் என்று. அதைப் படித்ததும் மனம் என்னவோ போல் ஆகிவிட்டது.

புடாபெஸ்டில் ஏறியபோது ஆற்றின் கிலோமீட்டர் கணக்கு 1647. இன்று வியன்னாவில் 1929. கரையில் வெள்ளைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ரைன் போன்ற சில ஆறுகளை மேலிருந்து கீழே அளப்பார்கள், டான்யூபைக் கடலிலிருந்து மேலே அளந்திருக்கிறார்கள். ருமேனியாவில் சுலினா என்ற இடத்தில் கருங்கடலில் சேருமிடம்தான் பூஜ்யம். அதனால் நாங்கள் போகப் போக எண் ஏறிக்கொண்டே வருகிறது. பாஸாவில் 2226 வரும்போது எங்கள் பயணம் முடிந்துவிடும், ஆறு அதற்கு மேலும் இருக்கும். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நாம தண்ணி வர்ற பக்கமாப் போறோம், அதுஞ் சரிதான்" என்றார். அதிலிருந்து எங்கே பலகை தெரிந்தாலும் எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்கிறார்.

அம்மாவுக்கு 72 வயது. எங்கள் ஊர் பவானி. அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர், காளிங்கராயன் வாய்க்காலில் ஷட்டர் ஏற்றி இறக்குவதும் கரையைப் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. மழைக்காலத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போவார். அம்மா தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கப்பலில் மற்ற எல்லோரும் அரண்மனையையும் தேவாலயத்தையும் பார்க்க வந்திருக்கிறார்கள், அம்மாவுக்கு லாக் மேல்தான் கண். லாக் என்றால் அணையின் ஓரத்தில் இரண்டு பக்கமும் கதவு போட்ட நீளமான தொட்டி, கப்பல் உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை விடுவார்கள், தண்ணீரோடு கப்பலும் உயரும், முன்கதவு திறந்ததும் அணைக்கு மேலே இருக்கும் ஆற்றில் போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்லோவாக்கியாவில் கப்சிகோவோ என்ற இடத்தில் முதலில் பார்த்தோம், எங்கள் வழியில் அதுதான் எல்லாவற்றிலும் உயரம். அம்மா அன்று சாப்பாட்டை விட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போய் நின்றுவிட்டார்.

இன்று விடியும்போது ஹைன்பர்க் பக்கம் வந்தோம். இரு கரையிலும் காடு, மரங்கள் தண்ணீரில் கால் வைத்து நிற்கின்றன. இங்கே ஓர் அணை வரவேண்டியது. 1984 டிசம்பரில் அதைத் தடுக்க ஆயிரக்கணக்கானவர்கள் கடுங்குளிரில் இந்தக் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டார்கள். வேலை நின்றது, 1996இல் தேசியப் பூங்காவாக ஆகிவிட்டது. ஆஸ்திரியாவில் டான்யூப் அணை இல்லாமல் தன் போக்கில் ஓடுவது இரண்டே இடத்தில்தான், ஒன்று இது, இன்னொன்று நாளை பார்க்கப்போகும் வாச்சாவ் பள்ளத்தாக்கு. பனிக்காலத்தில் மண்ணில் படுத்துக்கிடந்து ஒரு காட்டைக் காப்பாற்றியவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். அப்புறம் ஃப்ரோய்டனாவ் லாக், அதைத் தாண்டினால் வியன்னா.

வியன்னாவைப் பற்றிப் பெரிதாக எழுதவில்லை. பேருந்தில் ஒரு சுற்று, ஸ்டீபன் தேவாலயம், காபி ஒரு கோப்பை. அம்மாவுக்கு நடை முடியவில்லை. ஒரு விஷயம் மட்டும் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பல்கள் கரையில் ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டி நிற்கும். எங்களுடையது மூன்றாவது. அதாவது கரைக்குப் போக இன்னும் இரண்டு கப்பலின் உள்ளே நுழைந்து, அவர்களுடைய வரவேற்பறை வழியாக நடந்து, இடையிலே போட்டிருக்கும் சின்னப் பாலங்களில் ஏறி இறங்க வேண்டும். சில சமயம் மேல்தளம் வரை படி ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய சிரமம். பயணத்தை விற்றவர்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கப்பல் ஊழியர்கள் மட்டும் ஒவ்வொரு பாலத்திலும் ஒருவர் நின்று கை கொடுத்தார்கள், அதனால் சமாளித்தோம்.

ஆறாம் நாள், வாச்சாவ்

ராத்திரி இரண்டு லாக். நான் தூங்கிவிட்டேன், அம்மா இரண்டையும் பார்த்திருக்கிறார்.

எங்கள் அறை கீழ்த்தளத்தில், இருப்பதிலேயே விலை குறைந்த அறை. உயரத்தில் ஒரு பட்டை ஜன்னல், திறக்க முடியாது. தண்ணீர் அதற்குச் சற்றே கீழே. முதல் நாள் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, இப்போது மேலே பால்கனி அறை கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கரையில் நிற்கும்போது அன்னப்பறவைகள் ஜன்னல் ஓரமாக வரும், கட்டிலில் எழுந்து நின்றால் அதன் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். லாக்குக்குள் போகும்போது ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் கான்கிரீட் சுவர் வந்து நிற்கும், ஈரமாக, பாசி படிந்து. கப்பல் உயர உயர அந்தச் சுவர் கீழே வழுக்கிக்கொண்டு போவது போல் இருக்கும். அம்மா விளக்கை அணைத்துவிட்டு இதைத்தான் ராத்திரியில் பார்க்கிறார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கதவ ஆரு கண்ணு திறந்து உடறாங்க?" என்று காலையில் கேட்டார். லாக்குகள் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றன, ஒரு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஆட்கள் இயக்குகிறார்கள், கையால் சுற்ற வேண்டியதில்லை என்றேன். "இருந்தாலும் ஒருத்தரு முழிச்சிருக்கோணுமல்ல" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

காலை எட்டு மணிக்கு டுர்ன்ஸ்டைன். நீலமும் வெள்ளையுமாக ஒரு கோபுரம், மேலே குன்றில் இடிந்த கோட்டை. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வழியில் 1192இல் பிடிபட்டு இங்கேதான் சிறையில் இருந்தார். கோட்டைக்கு ஏறவில்லை. ஊருக்குள் ஒரே தெரு, எங்கே பார்த்தாலும் பாதாமி, அதாவது ஏப்ரிகாட். இவர்கள் அதை மரில்லே என்கிறார்கள். இப்போது அக்டோபர், பழக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் ஜாம், சாறு, மிட்டாய், சோப்பு வரைக்கும் மரில்லேதான். இரண்டு பாட்டில் ஜாம் வாங்கினேன். மலைச்சரிவில் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கியே சுவர் கட்டி, அதில் திராட்சை வைத்திருக்கிறார்கள், இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. அந்தக் கல்சுவர்களை நூற்றாண்டுகளாகக் கையாலேயே செப்பனிட்டு வருகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கை 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்ததில் அந்தச் சுவர்களுக்கும் பங்கு உண்டு.

பதினொரு மணிக்குக் கப்பல் கிளம்பியது. இந்த மூன்று மணி நேரத்துக்காகவே இந்த முழுப் பயணமும் வரலாம், எதிர்நீச்சல் என்பதால் கப்பல் மெதுவாகத்தான் போகிறது, கரையில் சைக்கிளில் போகிறவர்கள் எங்களை முந்துகிறார்கள், மேல்தளத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பிட்ஸ் என்ற ஊருக்கு எதிரே ஒரு படகு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. இன்ஜின் இல்லை, துடுப்பு இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள், படகு அதோடு கயிற்றால் இணைந்திருக்கிறது, படகைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினால் ஆற்றின் வேகமே அதை அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. திரும்பி வர மறுபக்கம் சாய்த்தால் போதும். மேலே கார் கூட நின்றது. நான் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து நின்று அந்தப் படகுக்காரருக்குக் கை காட்டினார், அவரும் காட்டினார்.

அதற்கு மேலே வில்லன்டார்ஃப். 1908இல் இங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்த பெண் உருவச் சிலையை நேற்று வியன்னா அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கலாம், நேரம் இல்லாமல் போய்விட்டது. 11 சென்டிமீட்டர் உயரம்தான், வயது ஏறக்குறைய 30,000 ஆண்டு. கப்பலில் இருந்து பார்க்கும்போது சாதாரணமான ஒரு சின்ன ஊர், துணி காய்கிறது.

மெல்க் மடம் மாலையில். மஞ்சளும் வெள்ளையுமாகப் பாறைமேல் அவ்வளவு பெரிதாக நிற்கிறது. 1089 முதல் பெனடிக்ட் துறவிகள் அங்கே இருக்கிறார்கள், இப்போது இருக்கும் கட்டடம் 1702இல் தொடங்கிக் கட்டியது. நூலகத்தில் நின்றபோது பழைய தோலின் வாசனை. வழிகாட்டி நடந்த வேகத்துக்கு அம்மாவால் ஈடுகொடுக்க முடியவில்லை, நாங்கள் இருவரும் பின்தங்கி மாடத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

ராத்திரி எட்டே முக்காலுக்கு இப்ஸ்-பெர்சன்பாய்க் லாக். 1959இல் முடிந்தது, முழுக்க ஆஸ்திரியாவுக்குள் இருக்கும் டான்யூப் மின் நிலையங்களில் இதுதான் மூத்தது. சாப்பாடு முடித்து அம்மாவுக்குக் குல்லாவும் மஃப்ளரும் போட்டு மேல்தளத்துக்குக் கூட்டிப் போனேன். வேறு யாரும் இல்லை. உள்ளே போனபோது பக்கத்திலேயே இன்னொரு கப்பலும் வந்து நின்றது. தொட்டியின் அகலம் 24 மீட்டர், ஒவ்வொரு கப்பலும் 11.4 மீட்டர், இரண்டும் ஒட்டி நின்றால் மிச்சம் ஒரு மீட்டர் சொச்சம்தான். இந்தக் கப்பல்கள் எல்லாம் ஏன் ஒரே அகலம் என்றால், மைன்-டான்யூப் கால்வாயில் இருக்கும் லாக்குகளின் அகலம் 12 மீட்டர், அதில் நுழைந்து ரைன் வரை போக வேண்டும் என்றால் இதற்கு மேல் அகலமாகக் கட்ட முடியாது. கப்பல் ஊழியர் ஒருவர் ஓரத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மட்டம் உயர உயர மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். குளிரில் அவர் வாயிலிருந்து புகை வந்தது. முதலில் சுவருக்குள் இருட்டில் இருந்தோம், கொஞ்சம் கொஞ்சமாக விளக்குகள் எங்கள் மட்டத்துக்கு வந்தன, அப்புறம் மேலே இருக்கும் ஆறு தெரிந்தது, அகலமாக, அசையாமல். கால்மணி நேரம் இருக்கும். முன்கதவு திறந்ததும் அம்மா அந்தக் கட்டுப்பாட்டு அறை இருக்கும் பக்கம் பார்த்துக் கைகூப்பினார். உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருக்காது.

ஏழாம் நாள், லின்ஸிலிருந்து மேலே

நான் எழுந்தபோது லின்ஸ். ராத்திரி தூக்கத்தில் எதைத் தாண்டி வந்திருக்கிறோம் என்று வரைபடத்தில் பார்த்தபோதுதான் மவுத்ஹவுசன் கண்ணில் பட்டது. ஆற்றிலிருந்து கொஞ்ச தூரத்தில் கருங்கல் குவாரி, அங்கே நாஜிகள் வைத்திருந்த முகாம். அந்த முகாமுக்கும் அதன் கிளை முகாம்களுக்கும் ஏறக்குறைய 1,90,000 பேரைக் கொண்டுவந்தார்கள், குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். கைதிகள் கல்லைச் சுமந்து ஏறிய 186 படிகள் இன்னும் இருக்கின்றன. கப்பலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை அறிவிக்கவில்லை. லின்ஸில் இறங்கித் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர நேரமும் இல்லை, பதினொரு மணிக்குக் கிளம்பவேண்டும். போயிருக்க வேண்டும் என்று மனம் உறுத்துகிறது. இந்த வழியில் வருகிறவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டு ஒரு நாள் அங்கே ஒதுக்குங்கள்.

லின்ஸில் சந்தையைச் சுற்றிவிட்டு லின்ஸர் டோர்ட்டே ஒன்று வாங்கினோம், மேலே மாவைக் கட்டம் கட்டமாகப் பின்னிய கேக். நன்றாக இருந்தது.

மதியம் முதல் கப்பலே மாறிவிட்டது போல் இருந்தது. வரவேற்பு மேசையில் வரிசை: கணக்கு முடிப்பவர்கள், பாஸ்போர்ட் வாங்குபவர்கள். ஏறும் நாளில் பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே வைத்துக்கொள்வார்கள், இன்று திருப்பிக் கையில் கொடுத்தார்கள். ஊர் சுற்றும்போது காதில் மாட்டிக்கொள்ளும் கருவியை ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். கருத்துப் படிவம். மஞ்சள் அட்டை இரண்டு, பெட்டிக்கு ஒன்று. அப்புறம் ஒரு உறை, டிப்ஸ் போட.

இந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூரோ கொடுத்தால் நல்லது என்று ஒரு தாளில் அச்சிட்டு அறையில் வைத்திருந்தார்கள். எல்லோருடைய பணமும் ஒரே பெட்டியில் விழும், பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், துணி துவைக்கிறவர், இன்ஜின் அறையில் இருப்பவர் என்று எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். நாம் முகமே பார்க்காதவர்களுக்கும் போய்ச் சேர்கிறது என்பதால் எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. ஆனால் எட்டு மாதம், ஒன்பது மாதம் விடுமுறையே இல்லாமல் உழைக்கிறவர்களின் வருமானத்தைப் பயணிகளின் மனதுக்கு விட்டுவிடக்கூடாது, டிக்கெட் விலையிலேயே நியாயமான சம்பளமாகச் சேர்த்துவிட வேண்டும். படிவத்தில் இதைத்தான் எழுதினேன், நீளமாகவே எழுதினேன்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்யும் பெண் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர். முப்பது வயது இருக்கும். அம்மா பவானி ஜமக்காளம் ஒன்று, சின்னது, கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருக்கும் இடத்தில் அதைப் போட்டு உட்கார்ந்துதான் காலையில் காபி குடிப்பார், நாற்காலியில் கால் தொங்கினால் வீங்கிவிடுகிறது. அந்தப் பெண் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கையால் தடவி, எப்படி நெய்தது என்று கேட்டார். என் அம்மாவும் பாயில்தான் உட்காருவார் என்றார். அன்றிலிருந்து தினமும் அதை உதறி, கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி மடித்து, அம்மாவின் தலையணைமேல் வைத்துவிட்டுப் போவார். ஆங்கிலம் தெரியாத என் அம்மாவும் தமிழ் தெரியாத அவரும் என்னதான் பேசிக்கொண்டார்களோ, தினமும் பத்து நிமிடம் பேச்சு. ஆறு வயதில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், மார்ச்சில் பார்த்தது, இனி கிறிஸ்துமஸ் சந்தைப் பயணங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஊருக்கு. இது எனக்குத் தெரிவதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அவர் வந்தபோது அம்மா ஜமக்காளத்தை மடித்து அவர் கையில் வைத்தார். அவர் வாங்கவில்லை. கீழ்த்தளத்தில் பின்பக்கம் இரண்டு பேருக்கு ஒரு அறை, இதை விரிக்கத் தரையே இல்லை என்று கையை விரித்துக் காட்டிச் சிரித்தார். அம்மா விடவில்லை. "உங்கூருக்குப் போறப்ப பெட்டிக்குள்ள வெச்சுக்க சாமி, பாப்பா உக்காரட்டும்" என்று சொல்லிக் குழந்தை உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மாலை நாலரைக்கு ஷ்லோகன் வளைவு. ஆறு நேராக வந்து மலையில் மோதி, அப்படியே திரும்பி வந்த திசையிலேயே போகிறது. மலை முழுக்கக் காடு, இருபுறமும் சரிவு தண்ணீர் வரை இறங்குகிறது, இலையெல்லாம் நிறம் மாறத் தொடங்கிவிட்டது, இரண்டு வளைவுக்கு நடுவே வீடுகளே இல்லாத ஒரு நிமிடம் வந்தது, இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. மேல்தளத்தில் எல்லோரும் இருந்தோம். ஒரு வாரமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்த ஆஸ்திரேலியத் தம்பதி, தனியாக வந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கிலேய நர்ஸ், எல்லோரும். யாரும் பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேசவில்லை. நர்ஸ் அம்மாவின் தோளில் தன் சால்வையைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஏழு மணிக்கு விருந்து. கேப்டன் வெள்ளை உடையில் வந்து நன்றி சொன்னார். "இவரு இங்க நின்னா கப்பல ஓட்டறது ஆரு?" என்றார் அம்மா. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் கப்பலில் இரண்டு கேப்டன்கள் முறை மாற்றிக்கொள்வார்கள், இன்னொருவர் மேலே இருக்கிறார். அப்புறம் சமையற்காரர்கள், பரிமாறுகிறவர்கள், அறைப்பெண்கள், துணி துவைப்பவர், இன்ஜின்காரர் எல்லோரும் வரிசையாக உள்ளே வந்தார்கள், நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம், நிறுத்தவே மனம் வரவில்லை. லாக்கில் கயிறு பிடித்தவரை நான் அடையாளம் கண்டுகொண்டேன். விளக்கை அணைத்துப் பொறி பறக்கும் மத்தாப்பு செருகிய ஐஸ்கிரீம் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்கள்.

எங்கள் மேசைக்குப் பரிமாறும் ருமேனியத் தம்பி அம்மாவுக்கு மட்டும் வேறொன்று கொண்டுவந்தார். முதல் நாள் அம்மா பட்டினி கிடந்தபோது, வெறும் சோறும் புளிக்காத தயிரும் கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். அடுத்த நாளிலிருந்து தினமும் ராத்திரி கேட்காமலேயே குழைந்த சோறு ஒரு கிண்ணம் வந்துவிடும். நாங்கள் கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் தொட்டுக்கொண்டு அம்மா சாப்பிடுவார். இன்று அந்தத் தம்பி சமையலறையிலேயே தயிரைப் பிசைந்து, மேலே மாதுளை முத்துத் தூவிக் கொண்டுவந்து, "போதும்?" என்று தமிழில் கேட்டார். ஒரு வாரத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல். அம்மா, "போதும் கண்ணு, போதும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விருந்தின் நடுவிலேயே யோகன்ஸ்டைன் லாக்கைத் தாண்டினோம், ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் சேர்ந்து கட்டியது, எல்லையிலேயே இருக்கிறது. எங்கள் வழியில் கடைசி லாக். உணவறை ஜன்னலில் சுவர் தெரிந்ததும் அம்மா கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் பதினொன்று, எண்ணி வைத்திருக்கிறார்.

இப்போது ராத்திரி பத்தே முக்கால். பாஸாவில் கட்டியாகிவிட்டது. ஒரு வாரமாகக் காலுக்கு அடியில் இருந்த அதிர்வு இல்லை, கப்பல் இவ்வளவு அமைதியாக இருப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நடைபாதையில் பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம். சார்ஜரை மறக்காமல் எடுத்து வைத்துவிட்டேன்.

எட்டாம் நாள், பாஸாவ்

ஏழு மணிக்குப் பெட்டி வெளியே, எட்டு மணிக்கு அறையைக் காலி செய்தாயிற்று. நாங்கள் கதவைச் சாத்துவதற்குள் பக்கத்து அறைக் கட்டிலின் விரிப்பைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த பயணிகள் மூன்று மணிக்கு ஏறுவார்கள், அதற்குள் எல்லா அறையும் புதிதாக வேண்டும். அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் கையில் நாலு போர்வையோடு ஓடிக்கொண்டிருந்தார், நின்று பேச நேரமில்லை, அம்மாவின் கன்னத்தில் ஒரு நொடி கையை வைத்துவிட்டுப் போனார்.

எங்களுக்கு விமானம் ராத்திரிதான், மியூனிக்கிலிருந்து. பெட்டியைக் கப்பலிலேயே வைத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போனோம். நகர மன்றக் கோபுரச் சுவரில் வெள்ளம் வந்த உயரங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மேலே 1501, அதற்குக் கீழே 2013, அந்த ஆண்டு நீர்மட்டம் 12.89 மீட்டர். என் தலைக்கு எவ்வளவோ மேலே அந்தக் கோடு.

பாஸாவில் மூன்று ஆறு சேர்கிறது. ஊர் ஒரு நாக்கு போல் நீண்டு முடியும் இடத்தில் போய் நின்றால் மூன்றையும் பார்க்கலாம். நடுவில் டான்யூப். வலது கைப்பக்கம் இன், ஆல்ப்ஸிலிருந்து வருவதால் பால் கலந்த பச்சை. இடது பக்கம் இல்ஸ், பவேரியக் காட்டின் சதுப்பிலிருந்து வருவது, தண்ணீர் கறுப்பு. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரத்துக்கு நிறங்கள் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஆண்டு சராசரியில் பார்த்தால் டான்யூபைவிட இன் ஆறுதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது, ஆனால் பெயர் டான்யூபுக்கே.

எங்கள் ஊர்க் கூடுதுறையிலும் மூன்று ஆறு. காவிரி, பவானி, மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத அமுதநதி. சங்கமேஸ்வரர் கோயில் படித்துறையில் நின்றால் இரண்டுதான் தெரியும், மூன்றாவதை நம்ப வேண்டும். அப்பாவின் அஸ்தியை அங்கேதான் கரைத்தோம், நாலு வருடம் ஆகிறது.

அம்மா நிறைய நேரம் பேசவில்லை. இல்ஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இங்க மூணாவதும் கண்ணுக்குத் தெரியுது" என்றார். என்னைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை இறங்கி, ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். எனக்கும் தெளித்தார். தண்ணீர் ஐஸ் போல் இருந்தது. "உங்கப்பா இருந்திருந்தா அந்தத் தொட்டிக்காரங்க கூடவே போய் உக்காந்திருப்பாரு. ஷட்டரு எத்தன டன்னு, மோட்டாரு எத்தன குதிரைன்னு கேட்டுக் குடைஞ்சிருப்பாரு." நான் அழுதேன். அவர் அழவில்லை.

மூன்று மணிக்குப் பெட்டி எடுக்கக் கப்பலுக்குத் திரும்பியபோது வாசலில் புதுக் கம்பளம், தட்டில் சாறு. அதே ருமேனியத் தம்பி புதியவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணியிலிருந்து அவர் உட்காரவில்லை என்று நினைக்கிறேன். எங்களைப் பார்த்ததும் தட்டை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, பெட்டிகளைத் தானே கரை வரை இழுத்துக் கொடுத்தார்.

டாக்சிக்காகக் காத்திருந்தபோது எங்கள் அறை ஜன்னலைத் தேடினோம். தண்ணீரை ஒட்டிய வரிசையில் பின்னாலிருந்து நாலாவது. திரையை விலக்கி யாரோ ஒரு வயதான அம்மாள் எட்டிப்பார்த்தார், அன்னம் ஒன்று அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ராத்திரி எங்க போவுது கண்ணு?"

"கீழம்மா. மறுபடியும் புடாபெஸ்டுக்கு."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப கதவெல்லாம் எறங்கு கதவு. தண்ணி கூடவே போறதுனால வெரசாப் போயிரும்" என்றார், டாக்சியில் ஏறிக்கொண்டே.